மேலே சீமாட்டி, கீழே எலும்பும் தோலும்: யூயெல்ம் தேவாலயம் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

தேம்ஸ்கரை | சனி, இரவு 9.50

வணக்கம். இத்தனை நாள் இங்கே படிப்பதோடு சரி. இன்று ஒரு கேள்வியைக் கேட்காமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் வாலிங்ஃபோர்ட் பக்கம் யூயெல்ம் என்று ஒரு சிற்றூர். ஊற்றுக்கண் என்பதுதான் பெயருக்கே அர்த்தமாம். தெருவை ஒட்டி ஓடும் ஓடையில் ஒரு காலத்தில் வாட்டர்கிரெஸ் கீரை போட்டிருக்கிறார்கள், பாத்திகள் இன்னும் இருக்கின்றன. மகளுக்கு ஓடை காட்டத்தான் போனோம். மழை பிடித்துக்கொண்டது. மேட்டில் இருந்த செயின்ட் மேரி தேவாலயத்தில் ஒதுங்கினோம்.

வெளியிலிருந்து பார்த்தால் குட்டைக் கோபுரம், சாதாரணக் கிராமத்துக் கோயில். உள்ளே போனதும் பேச்சு நின்றுவிட்டது. ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலே சுமார் 10 அடி உயரத்துக்கு மரத்தில் செதுக்கிய மூடி ஒன்று, தேர்ச் சிகரம் மாதிரி அடுக்கடுக்காக ஏறுகிறது. உச்சியில் மிக்கேல் தேவதூதர். அதைத் தூக்கி இறக்க எதிர் எடை கட்டியிருக்கிறார்கள், அந்த எடைக்கட்டைகூட ரோஜாப்பூவாகச் செதுக்கப்பட்டது.

அப்புறம் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லறை. வெள்ளைக் கல்லில் கூப்பிய கையோடு படுத்திருக்கும் ஒரு வயதான பெண். தலையில் சிறு கிரீடம், தலையணையைப் பிடித்தபடி தேவதூதர்கள். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டு வயதுக்காரிக்கு அந்த உயரம் எட்டாது. அவள் குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, கீழ இன்னொருத்தங்க படுத்திருக்காங்க" என்றாள்.

உட்கார்ந்து பார்த்தேன். கல்லறைப் பெட்டிக்கு அடியில் கல் சல்லடை போல வளைவுகள். அதற்குப் பின்னால் ஒரு பிணம். விலா எலும்பு, குழி விழுந்த வயிறு, பாதி விலகிய சவத்துணி. அதே பெண்தான்! மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒருவரே.

அங்கே பூ வைத்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், "தரையில் படுத்தால் இன்னொன்று தெரியும்" என்றார். படுத்தேன். அந்தப் பிணத்துக்கு நேர் மேலே, அதாவது பெட்டியின் அடிப்பக்கத்தில், ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். நின்றால் தெரியாது, உட்கார்ந்தாலும் தெரியாது. அந்தப் பிணத்துக்கு மட்டும்தான் தெரியும்.

யாரும் பார்க்காத ஓவியத்தை எதற்குத் தீட்டினார்கள்? இதுதான் கேள்வி.

---

நாற்காலி | சனி, இரவு 10.15

எதற்கு என்றா கேட்கிறீர்கள்? காசு மிச்சம் இருந்தது, தீட்டினார்கள். செத்த பிறகும் மேல்மாடி, கீழ்மாடி. பணக்காரச் சாவுக்கு உள் அலங்காரம்.

சரி, யார் அந்த அம்மா?

---

வடலி | சனி, இரவு 11.30

நான் ரெடிங்கில் இருக்கிறேன். அந்தக் கோயிலுக்கு மூன்று தரம் போய்வந்தாச்சு. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்தபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கீழே கிடந்த உருவத்தைப் பார்த்துவிட்டு, "இதை ஏன் பிள்ளை கோயிலுக்குள்ள வச்சிருக்கினம்?" என்று கேட்டார். தேம்ஸ்கரை கேட்கிற கேள்வியும் கிட்டத்தட்ட அதுதான்.

அவர் பெயர் ஆலிஸ், சஃபோக் கோமகனின் மனைவி. 1475இல் இறந்தார். ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசரின் பேத்தி. பேத்தி என்பதைவிட அவர் கண்ட வாழ்க்கைதான் பெரிய கதை. சின்ன வயதிலேயே முதல் கலியாணம். அந்தக் கணவர் சர் ஜான் ஃபிலிப் 1415இல் பிரான்சில் ஆர்ஃப்லூர் முற்றுகையில் போய்விட்டார். இரண்டாவது கணவர் சாலிஸ்பரி பிரபு. 1428இல் ஓர்லியான் முற்றுகையில் பீரங்கிக் குண்டால் காயம்பட்டு இறந்தார். அவருக்குப் பிறகு அந்த முற்றுகைக்குத் தலைமை ஏற்றவர் வில்லியம் டி லா போல். ஜோன் ஆஃப் ஆர்க்கின் படையிடம் 1429இல் பிடிபட்டு மீண்டு வந்தவர். 1430இல் ஆலிஸ் அவரையே கட்டிக்கொண்டார். இறந்த தளபதியின் பொறுப்பையும் ஏற்று, அவர் விட்டுச்சென்ற மனைவியையும் மணந்துகொண்ட மனிதர்.

வில்லியம் அரசர் ஆறாம் ஹென்றிக்கு மிக நெருக்கமாக இருந்து, கோமகனாகி, கடைசியில் நாட்டுக்கே ஆகாதவரானார். பிரான்சில் இழந்ததெல்லாம் இவர் தலையில் விழுந்தது. 1450இல் ஐந்து வருடம் நாடு கடத்தினார்கள். கடலில் கப்பலை மறித்து, சின்னப் படகொன்றில் இறக்கித் தலையை வெட்டி, உடலை டோவர் கரையில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆலிஸ் 25 வருடம் இருந்தார். அதுவும் சும்மா இல்லை. மகனுக்கு, ஹென்றியின் லான்காஸ்டர் வம்சத்தோடு அரியணைக்கு மோதிய யோர்க் வம்சத்துப் பெண்ணைக் கட்டிவைத்தார். அந்தப் பெண்ணின் தமையன்தான் பின்னாளில் அரசர் நாலாம் எட்வர்ட். கணவரைக் கொன்ற காலத்திலும் சொத்தைக் கைவிடாமல், அரசு மாறியபோது சரியான பக்கம் நின்ற மனுஷி.

நீங்கள் இடது கையைப் பார்த்தீர்களா? முழங்கைக்குக் கீழே ஒரு பட்டி இருக்கும். கார்ட்டர் என்ற, அரசர் தரும் பெரிய விருதின் பட்டி அது. 1432இல் கிடைத்தது. ஆண்கள் அதைக் காலில் கட்டுவார்கள். பெண் எங்கே கட்டுவது என்று விக்டோரியா மகாராணிக்குச் சந்தேகம் வந்து, இந்தச் சிலையைப் பார்த்துவரச் சொல்லி ஆள் அனுப்பினார் என்று அங்கே கதை சொல்வார்கள்.

---

தேம்ஸ்கரை | ஞாயிறு, காலை 7.20

பட்டியைப் பார்த்தேன், வளையல் என்று நினைத்துவிட்டேன்! நன்றி வடலி. மூன்று கணவர்களில் ஒருவர்கூட வீட்டுக் கட்டிலில் படுத்துச் சாகவில்லை என்பது தெரிந்த பிறகு அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்கவேண்டும் போல இருக்கிறது.

---

உப்பளம் | ஞாயிறு, பகல் 1.05

பூசை முடிந்து வந்து இந்த இழையைப் பார்த்தேன். தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்தவளுக்கு இதில் பெரிய மர்மம் எதுவும் தெரியவில்லை, தப்பாக நினைக்காதீர்கள்.

எங்கள் பாட்டி தினமும் செபமாலை முடிவில் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக ஒன்று சேர்த்துச் சொல்வார். செத்தவுடன் நேராக மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை. பெரும்பாலான ஆட்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து பாவக்கறை கழுவவேண்டும். அங்கே இருக்கும் ஆத்துமா தனக்காகத் தானே வேண்டிக்கொள்ள முடியாது. உயிரோடு இருப்பவர்கள் வேண்டினால் காலம் குறையும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் மெழுகுவத்தி ஏற்றுவது இதற்குத்தான்.

1475இல் இங்கிலாந்து முழுக்க இந்த நம்பிக்கைதான். அப்படிப் பாருங்கள். அந்தக் காலத்துக் கல்லறைகளில் லத்தீனில் "இன்னாரின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்றுதான் தொடங்கும். வெறும் பெயர்ப்பலகை இல்லை அது, கைநீட்டிக் கேட்பது. மேலே இருக்கும் சீமாட்டி கிரீடத்தோடு இருப்பது, வேண்டுதல் யாருக்கு என்று தெரிவதற்காக. கீழே இருப்பது, அவளுக்கு அது எவ்வளவு தேவை என்று காட்டுவதற்காக.

ஓவியம் விஷயம்: சாகக் கிடப்பவரின் கண்ணெதிரே பாடுபட்ட சுரூபத்தை, அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவை, பிடிப்பது வழக்கம். கடைசியாகக் கண்ணில் படுவது சாமியாக இருக்கவேண்டும். இங்கே அதைக் கல்லறைக்குள்ளேயே செய்துவிட்டார்கள். என்ன ஓவியம் என்று சொல்லவில்லையே?

---

தேம்ஸ்கரை | ஞாயிறு, பகல் 1.40

இருட்டில் சரியாகத் தெரியவில்லை. சிறகு மாதிரி ஒன்று, ஒரு முகம்.

---

வடலி | ஞாயிறு, பகல் 2.10

மங்கள வார்த்தை. கபிரியேல் தூதர் மரியாளிடம் வருகிற காட்சி. மற்றப் பக்கம் மகதலா மரியாளும் ஸ்நானக யோவானும்.

---

உப்பளம் | ஞாயிறு, பகல் 2.25

அப்போது கேள்வியே இல்லை. மரியாள் "ஆகட்டும்" என்று சொன்ன நிமிடம் மீட்பு தொடங்கிய நிமிடம். மகதலா மரியாள் உயிர்த்த ஆண்டவரை முதலில் பார்த்தவள். செத்துக் கிடப்பவளுக்கு இதைவிட நல்ல துணை என்ன வேண்டும்?

---

நாற்காலி | ஞாயிறு, மாலை 4.00

துணை நல்ல துணைதான். ஆனால் கணக்கு இடிக்கிறது. ஊரில் ஏழைக்கு யார் இப்படிக் கல் செதுக்கினார்கள்? ஏழையும் அதே உத்தரிக்கிற ஸ்தலத்துக்குத்தானே போகிறான்? காசுள்ளவர்கள் வேண்டுதலையும் மொத்தமாக வாங்கியிருக்கிறார்கள். கீழே பிணத்தைக் காட்டி "நானும் மண்தான்" என்று சொல்ல, மேலே ஒரு டன் கல்லும் கிரீடமும் தேவைப்படுகிறது. பணிவுக்குக்கூட விளம்பரம்.

---

கல்வெட்டுப்பூனை | ஞாயிறு, இரவு 8.30

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். வார இறுதிகளில் பழைய கோயில்களின் பித்தளைத் தகடுகளைத் தேடிப் போவது என் பைத்தியம். இரண்டு மூன்று விஷயம் சொல்லவேண்டும்.

முதலில், அது வெள்ளைக் கல் இல்லை, பளிங்கும் இல்லை. அலபாஸ்டர். ஜிப்சத்தின் ஒரு வகை. டெர்பிஷயரில் செலாஸ்டன் என்ற ஊர்ப் பக்கம் தோண்டி எடுத்தார்கள். நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மிருது. அதனால்தான் துணி மடிப்பையும் கழுத்து நரம்பையும் அப்படிச் செதுக்க முடிந்தது. அதனாலேயே பல கோயில்களில் பிரபுக்களின் மார்பிலும் சிங்கத்தின் முதுகிலும் பின்னால் வந்தவர்கள் பெயரைக் கீறிவைத்திருக்கிறார்கள். இன்று வெறும் வெள்ளையாகத் தெரிவதும் ஏமாற்று. செய்தபோது வண்ணம் பூசி, பொன் தகடு ஒட்டியிருப்பார்கள். மடிப்புகளின் உள்ளே உற்றுப் பார்த்தால் சில கல்லறைகளில் சிவப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, "அந்த முகம்" என்று உருகுகிறீர்கள். பெரும்பாலான கல்லறை முகங்கள் அச்சில் வார்த்த மாதிரிதான் இருக்கும். பட்டறையில் ஆர்டர் கொடுத்து வாங்கும் பொருள் இது. நார்தாம்ப்டன்ஷயரில் லோவிக் என்ற ஊரில் ரால்ஃப் கிரீன் என்பவருக்கும் மனைவி கேத்தரீனுக்கும் ஒரு கல்லறை இருக்கிறது. அதற்கு 1419இல் போட்ட ஒப்பந்தம் இன்றும் பிழைத்திருக்கிறது. செலாஸ்டன் சிற்பிகள் தாமஸ் பிரெண்டிஸ், ராபர்ட் சட்டன் இருவரும் 40 பவுனுக்கு ஒப்புக்கொள்கிறார்கள். கணவனும் மனைவியும் கைகோத்தபடி இருக்கவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. போய்ப் பார்த்தால் கல்லில் கைகோத்துப் படுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து ஆர்டர் கொடுத்தபடியே வந்த ஒரே சாமான்! ஆனால் ஆலிஸின் முகத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க மனம் வரவில்லை. ஒட்டிய கன்னம், வாயோரத்துச் சுருக்கம். அச்சு முகம் அப்படி இருக்காது.

மூன்றாவது, என் ஆள். அதே கோயிலில் ஆலிஸின் அப்பா தாமஸ் சாசர், அம்மா மாட் பர்கர்ஷ் கல்லறை. கருமையான பர்பெக் கல் மேசை, அதன் மேல் பித்தளைத் தகட்டில் வெட்டிய உருவங்கள். தாமஸ் ஐந்து முறை பாராளுமன்றத்தின் காமன்ஸ் சபைக்குச் சபாநாயகராக இருந்தவர். 1434இல் இறந்தார். காலடியில் ஒற்றைக் கொம்புக் குதிரை. மாட்டின் காலடியில் இரட்டை வால் சிங்கம், அது அவர் பிறந்த வீட்டுச் சின்னம்.

பெட்டியைச் சுற்றி வரிசையாகக் கேடயங்கள். அவற்றைப் படிக்கத் தெரிந்தால் இந்தக் குடும்பத்தின் மனசே தெரிந்துவிடும். தாமஸ் தனக்கென்று எடுத்துக்கொண்டது அப்பா ஜெஃப்ரியின் சின்னத்தை இல்லை, அம்மா பிலிப்பாவின் சக்கரச் சின்னத்தை. ஏன்? பிலிப்பாவின் சகோதரி கேத்தரீன் ஸ்வின்ஃபோர்டைத்தான் லான்காஸ்டர் கோமகன் ஜான் ஆஃப் கான்ட் மூன்றாம் தாரமாகக் கட்டினார். அரச வம்சத்தோடு சொந்தம். கவிதை எழுதிய, சுங்கக் கணக்கைக் கண்காணித்த அப்பாவைவிட அந்தச் சொந்தம்தான் கேடயத்துக்கு உதவியது. மற்றக் கேடயங்களும் "நாங்கள் இன்னாருக்கு உறவு" என்றுதான் சொல்கின்றன. கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா, மாமா பெயர்களுக்குப் பின்னால் பட்டமும் பதவியும் போடுவோமே, அதேதான்.

---

நாற்காலி | ஞாயிறு, இரவு 8.50

ஹா ஹா! நான் சொன்னேனா இல்லையா. ஆங்கில இலக்கியத்துக்கே அப்பா என்கிறார்கள், சொந்த மகன் கல்லறையில் அவர் சின்னத்துக்கு இடமில்லை.

பூனையாரே, இன்னொரு சந்தேகம். கால்மேல் கால் போட்டுப் படுத்திருக்கும் வீரர்கள் சிலுவைப்போருக்குப் போனவர்கள் என்று எனக்கு ஒரு வழிகாட்டி சொன்னார். நிஜமா?

---

கல்வெட்டுப்பூனை | ஞாயிறு, இரவு 9.05

இல்லை. எல்லா ஊரிலும் சொல்வார்கள், ஆனால் கட்டுக்கதை. 13, 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சிற்பிகளுக்குப் பிடித்த தோரணை, அவ்வளவுதான். சிலுவைப்போர்ப் பக்கமே போகாதவர்களும் கால்மேல் கால் போட்டிருக்கிறார்கள், போனவர்களில் நேராகப் படுத்தவர்களும் உண்டு.

கழுத்துச் சங்கிலியைப் பாருங்கள், அது பொய் சொல்லாது. எஸ் எழுத்தாகக் கோத்திருந்தால் லான்காஸ்டர் கட்சி. சூரியனும் ரோஜாவுமாக இருந்தால் யோர்க் கட்சி. கரைவேட்டி மாதிரி.

---

மழைக்கோட்டு | திங்கள், காலை 8.15

நல்ல இழை. நாங்கள் பிள்ளைகளோடு இப்படி ஊர் ஊராகப் போவோம். புதிதாகப் போகிறவர்களுக்காகச் சில வார்த்தை.

பெரும்பாலான கிராமத்துக் கோயில்கள் பகலில் பூட்டாமல்தான் இருக்கும். முன்மண்டபத்தில் கம்பிவலைக் கதவு இருந்தால், உள்ளே போனதும் சாத்திவிடுங்கள். பறவை உள்ளே புகுந்தால் வெளியேறத் தெரியாமல் செத்துவிடும். பெரிய கதவின் இரும்பு வளையம் ஒரு திருகுத் திருகினால்தான் திறக்கும், தள்ளிப் பார்த்துவிட்டுப் பூட்டியிருக்கிறது என்று திரும்பிவிடாதீர்கள். நான் இரண்டு ஊரில் அப்படித் திரும்பி வந்திருக்கிறேன். உள்ளே போனால் ஒரு வாசனை அடிக்கும்: ஈரக் கல், மெழுகு, பழைய பாட்டுப்புத்தகம். ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் உட்காருங்கள், கண் இருட்டுக்குப் பழகட்டும்.

பிறகு அண்ணாந்து பாருங்கள். யூயெல்மில் ஸ்நானக யோவான் சிற்றாலயத்தின் மரக்கூரையில் சிறகு விரித்த தேவதூதர்கள் இருக்கிறார்கள். சுவர் முழுக்க ஐஎச்எஸ் என்ற இயேசு நாம எழுத்துகள் வரிவரியாக. அப்புறம் கீழே பாருங்கள், நாம் மிதித்து நடக்கும் கல்லும் பாதி இடத்தில் கல்லறைதான். பீடத்துக்கு வலப்பக்கச் சுவரில் சின்னத் தொட்டி மாதிரிப் பள்ளம் இருந்தால், குருவானவர் பாத்திரம் கழுவிய நீரை ஊற்றும் இடம். சுவரின் நடு உயரத்தில் எங்கேயும் போகாத ஒரு குட்டி வாசல் தெரிந்தால், பழைய சிலுவை மாடத்துக்கு, அதாவது பீடத்துக்கு முன்னே உயரத்தில் சிலுவை நின்ற மரத்தட்டுக்கு, ஏறிய படி. மாடத்தை உடைத்துவிட்டார்கள், வாசல் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. என் பையன் அதற்குப் "பேய்க் கதவு" என்று பெயர் வைத்திருக்கிறான்.

---

உப்பளம் | திங்கள், காலை 9.00

ஒரு சின்னச் சண்டை. எல்லோரும் "கிராமத்துக் கோயில்", "தேவாலயம்" என்றே எழுதுகிறீர்கள். பங்குக் கோயில் என்று அழகான சொல் இருக்கிறதே?

---

மழைக்கோட்டு | திங்கள், காலை 9.20

அக்கா, நாங்கள் திருநெல்வேலி சிஎஸ்ஐ. எங்களுக்குச் சேகரம். பங்கு என்றால் ஷேர் மார்க்கெட்.

---

உப்பளம் | திங்கள், காலை 9.22

:) ஆலிஸ் காலத்தில் அது பங்கு. எட்டாம் ஹென்றி போப்பை விட்டுப் பிரிந்த பிறகு சேகரம். தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

---

தேம்ஸ்கரை | திங்கள், மாலை 6.45

ஹென்றி பெயர் வந்ததும்தான் யோசித்தேன். உத்தரிக்கிற ஸ்தலமே இல்லை என்று சொல்லிவிட்டார்களே, சுவரோவியத்துக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்களே. அப்படியிருக்க இந்தக் கல்லறை மட்டும் மூக்குகூட உடையாமல் எப்படி நிற்கிறது?

---

கல்வெட்டுப்பூனை | திங்கள், இரவு 9.40

நல்ல கேள்வி. உடைப்பு ஒரே தடவையில் நடக்கவில்லை. 1547இல் ஆறாம் எட்வர்ட் ஆட்சியில், செத்தவர்களுக்குப் பூசை வைக்கவென்று விட்டுவைத்த மானியங்களை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. சிலுவை மாடங்கள் இறங்கின. "ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்ற வரியை மட்டும் பித்தளையிலிருந்து சுரண்டி எடுத்த இடங்கள் உண்டு, உருவத்தை விட்டுவிட்டு வார்த்தையை மட்டும். பித்தளையைப் பெயர்த்து விற்றார்கள். வாங்கியவர் மறுபக்கத்தைத் திருப்பிப் புதிதாக இறந்தவருக்கு வெட்டினார். இன்று பழுதுபார்க்கத் தகட்டைக் கழற்றினால் பின்னால் வேறொருவர் தலைகீழாகக் கிடப்பார்.

அடுத்தது அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போர். சஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர் பக்கம் வில்லியம் டவ்சிங் என்பவர் 1643, 1644இல் கோயில் கோயிலாகப் போய் என்னென்ன உடைத்தேன் என்று நாட்குறிப்பே எழுதிவைத்தார். உடைக்கும் கூலியையும் அந்த ஊரிடமே வாங்கினார்.

யூயெல்ம் தப்பியதற்கு ஊரில் சொல்லும் காரணம் பிரான்சிஸ் மார்ட்டின். பாராளுமன்றப் படையில் அதிகாரி, அதாவது உடைக்கும் கட்சிக்காரர். ஆனால் இந்த ஊர்க்காரர். தன் படையையே கோயிலுக்குள் விடவில்லை என்கிறார்கள். கொள்கை வேறு, சொந்த ஊர்க் கோயில் வேறு.

---

வடலி | செவ்வாய், காலை 6.30

பூனையார் விட்ட இடத்தில் இருந்து ஒன்று. நாற்காலி அண்ணை கேட்டார், வேண்டுதலை விலைக்கு வாங்கினார்களா என்று. வாங்கித்தான் இருக்கினம். அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும்.

கோயிலின் மேற்கு வாசலால் இறங்கினால் படிகள் நேரே ஒரு செங்கல் முற்றத்துக்குப் போகும். அதுதான் 1437இல் ஆலிஸும் வில்லியமும் தொடங்கிய தரும விடுதி. 13 ஏழை ஆண்கள், இரண்டு குருமார். ஏழைகள் நாளில் பலதரம் மேலே ஏறிப் போய் அந்தச் சிற்றாலயத்தில் நிறுவினவர்களுக்காகச் செபிக்க வேண்டும். அதற்குப் பதில் வீடு, படி, சாகும்வரை பாதுகாப்பு. குருமாரில் ஒருவர் ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசமாக இலக்கணம் படிப்பிக்க வேண்டும். அந்தப் பள்ளிக்கூடம் முற்றத்துக்குக் கீழே. கோயில், விடுதி, பள்ளிக்கூடம் மூன்றும் மேட்டில் படிப்படியாக இறங்கி வரும்.

பூசை மானியங்களைப் பறித்தபோது இது தப்பியது, ஏழைகளைப் பராமரிக்கிற இடம் என்பதால். 1617இல் முதலாம் ஜேம்ஸ் விடுதித் தலைவர் பதவியை ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் பதவியோடு இணைத்துவிட்டார். விடுதியில் இப்பவும் ஆட்கள் குடியிருக்கினம். பள்ளிக்கூடம் இப்பவும் அரசு ஆரம்பப் பள்ளி. நான் போன ஒருநாள் இடைவேளை மணி அடித்து, பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். 1437இல் தொடங்கின இடம் என்று அதுகளுக்குத் தெரியுமோ தெரியாது.

---

நாற்காலி | செவ்வாய், காலை 7.10

பள்ளிக்கூடம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதின்மூன்று பேர் வயதான காலத்தில் குளிரில் படியேறி ஏறி இறங்கியிருக்கிறார்கள், ஒரு சீமாட்டி சீக்கிரம் மோட்சம் போக. அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவர் பெயராவது அந்தக் கோயிலில் கல்லில் இருக்கிறதா? அதைச் சொல்லுங்கள்.

---

உப்பளம் | செவ்வாய், காலை 10.30

இந்தக் கேள்விக்கு என்னிடம் சண்டை இல்லை. நியாயம்தான்.

ஆனால் ஒன்று. அந்த ஆட்கள் செபிக்க உட்காரும் இடம் ஸ்நானக யோவான் சிற்றாலயம். ஆலிஸ் கல்லறை அதற்கும் பீடத்துக்கும் நடுவில் நிற்கிறது. முழங்காலில் நிற்கும் கிழவருக்குக் கண் மட்டத்தில் எது தெரியும்? கிரீடம் தெரியாது. கீழே இருக்கும் பிணம்தான் தெரியும். நின்றுகொண்டு வரும் பிரபுவுக்குச் சீமாட்டி, முட்டிபோட்ட ஏழைக்கு எலும்பும் தோலும். தேம்ஸ்கரையின் மகளுக்கு முதலில் தெரிந்ததும் அதனால்தான்.

---

கல்வெட்டுப்பூனை | செவ்வாய், பகல் 12.15

ஆஹா. இத்தனை வருடம் போகிறேன், அந்தக் கோணத்தில் முட்டிபோட்டுப் பார்த்ததில்லை.

இதோடு கேன்டர்பரியையும் சேர்த்துப் பாருங்கள். அது பேராலயம், பங்கும் இல்லை சேகரமும் இல்லை. பேராயர் சிச்செலே 1443இல் இறந்தார். ஆனால் மேலே பேராயர், கீழே பிணம் என்ற தன் கல்லறையை உயிரோடு இருக்கும்போதே கட்டிவைத்துவிட்டார். பல வருடம் தன் பிணத்தைத் தானே பார்த்துக்கொண்டு பூசைக்குப் போயிருக்கிறார். விளம்பரம் என்றால் முதல் வாடிக்கையாளரும் அவரே.

---

நாற்காலி | செவ்வாய், பகல் 12.40

முட்டிபோட்டவர் விஷயம் கொஞ்சம் ஆட்டிவிட்டது, மறைக்கவில்லை. ஆனாலும் பெயர் கேட்டேனே, அதற்குப் பதில் வரவில்லை.

---

தேம்ஸ்கரை | சனி, மாலை 5.30

இன்று மறுபடி போய்வந்தோம். பூ வைக்கும் பாட்டி இந்த வாரம் இல்லை. வேறொருவர் பித்தளைக் கைப்பிடி துடைத்துக்கொண்டிருந்தார். நான் டார்ச்சோடு தரையைப் பார்த்து நிற்பதைக் கண்டதும், ஒன்றும் கேட்காமல், ஆராதனையில் முழங்கால் போடும் பூத்தையல் மெத்தை இரண்டை எடுத்துவந்து போட்டார். தினம் யாராவது படுக்கிறார்கள் போலிருக்கிறது.

முதலில் உப்பளம் சொன்னபடி சிற்றாலயப் பக்கம் முட்டிபோட்டேன். உண்மை. மேலே இருப்பவரின் முகம் தெரியவில்லை. வளைவுக்குப் பின்னால் கீழே இருப்பவர்தான் நேர் எதிரே.

பிறகு படுத்தேன், மகளும் பக்கத்தில். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது ஓவியம் தெரிந்தது. மரியாள், தூதர். பக்கத்தில் அவர், அதே கூரையைப் பார்த்தபடி. மூன்று பேர் வரிசையாகப் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. "டார்ச் இல்லாம இவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மகள் கேட்டாள். அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். ஜன்னல் வெளிச்சம் தரையில் பட்டு மேலே எழும்பி, முகம் இருக்கும் இடம் மட்டும் மங்கலாக வந்தது.

நாற்காலி, உங்களுக்காக ஏழைகளின் பெயர் தேடினேன். கோயிலுக்குள் என் கண்ணில் படவில்லை. விடுதி முற்றத்தில் ஒரு வீட்டு வாசலில் ஈரச் செருப்பும் தக்காளிச் செடித் தொட்டியும் இருந்தன. உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

---

நாற்காலி | சனி, மாலை 6.05

அடுத்த முறை எப்போது போகிறீர்கள்? காரில் ஒரு இடம் இருக்குமா?

---

தேம்ஸ்கரை | சனி, மாலை 6.10

இருக்கும். தடிமனாக ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள், தரை ஐஸ் மாதிரி இருக்கிறது.